பட்டறையில் அரைத்த வர்ணம்

பவுலினுக்குக் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. கருப்பு வெள்ளைப் போட்டோக்களுக்கு எண்ணெய் வர்ணம் பூச வேண்டும். கல்யாணப் பெண்ணின் புடவைக்கு அரக்குச் சிவப்பு, செத்துப்போன சுபேதாரின் கன்னத்துக்கு உயிர்க்களை. பன்னிரண்டு வருஷம் இப்படிப் பூசியபின், முப்பத்தாறாவது வயதில் தனக்காக ஒரு படம் வரைந்தாள். மர்பி டவுனில் அவள் தெருவைப் பெருக்கும் பாஞ்சாலி, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நேராகப் பார்க்கும் படம்.

மூன்றே மாதத்தில் அது வெடித்துப்போனது. பாஞ்சாலியின் நெற்றி முழுக்கப் பிளவுகள்.

அல்சூரில் ஓர் ஓவியர் சங்கம் இருந்தது. அதன் செயலாளர் சீனிவாசராகவனிடம் படத்தைத் தூக்கிக்கொண்டு போய், ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டாள்.

"அதெல்லாம் மெம்பர்களுக்குத்தாம்மா சொல்லுவோம். போட்டோவுக்குக் கலர் பூசறவாளை மெம்பரா சேத்துக்கற வழக்கமில்லை."

"அப்ப நானே கண்டுபிடிச்சுக்கறேன் சார். கண்டுபிடிச்சதும் கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்லுவேன்."

அது 1958. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் கடைகளில் வர்ணக் குழாய்களே அரிதாகியிருந்தன. பவுலின் சிக்பேட்டையில் காவிப் பொடியும் ஜிங்க் வெள்ளையும் வாங்கி, கண்ணாடிப் பலகையில் ஆளிவிதை எண்ணெய் விட்டுக் குழவியால் அரைத்தாள். தச்சர் ரெமிஜியஸ் தன் பட்டறையில் இடம் கொடுத்தார். படம் வரையும் மரப்பலகைக்கு வச்சிரப் பசையும் சுண்ணப்பொடியும் பூசித் தேய்க்கும் விதத்தைச் சொன்னவரும் அவர்தான். ஒரே மாதிரி பலகைகளில் எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் பூசி, எட்டு மாதம் பார்த்தாள். விடை கிடைத்தது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக இருக்கவேண்டும், மேலே போகப்போகக் கூட வேண்டும். அவள் தலைகீழாகச் செய்திருந்தாள்.

அன்றே பட்டறைக் கதவில் அதைச் சாக்பீஸால் பெரிதாக எழுதிவைத்தாள்.

"தொழில் ரகசியத்தை யாராச்சும் கதவுல எழுதுவாங்களா?" என்றார் ரெமிஜியஸ்.

"ரகசியம்னு வெச்சுக்கிட்டவங்க கிட்ட போய் நான் நின்னது போதும் அண்ணே."

கதவைப் படித்துவிட்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் பஸ் கண்டக்டர் ஜெயராஜ். இன்னொருத்தி பள்ளிக்கூட டீச்சர் ரமா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நாலு பேரும் கூடினார்கள். யார் எதைக் கெடுத்தாலும் அதை நடுவில் வைத்து, ஏன் கெட்டது என்று பேசவேண்டும் என்பது பவுலின் போட்ட சட்டம். ரெமிஜியஸும் கூச்சத்தோடு தூரிகையை எடுத்தார்.

அறுபதாம் வருஷம் சங்கத்தின் கண்காட்சிக்கு நாலு பேரும் படம் கொடுத்தார்கள். பவுலின் கொடுத்தது புதிதாக வரைந்த பாஞ்சாலி. ரமாவின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ரமா நேராகச் செயலாளர் மேஜைக்குப் போனாள். "என்னோடதையும் திருப்பிக் குடுத்துடுங்கோ சார். அதுவும் அதே கண்ணாடியில அரைச்ச கலர்தான்."

கண்காட்சி தொடங்கிய காலையில் சங்கத்து வாசலுக்கு எதிரே, ரெண்டு மரங்களுக்கு நடுவே ரெமிஜியஸ் கயிறு கட்டினார். நாலு படங்களும் அதில் தொங்கின. உள்ளே போக வந்தவர்கள் இங்கே நின்றார்கள். போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ஏனம்மா இது?" என்று அதட்டினார்.

"சித்திர, ஸ்வாமி. தாரி பிட்டிதீவி, நோடி," என்று, வழி விட்டிருப்பதைக் கைகாட்டினாள் பவுலின். "கழட்ட மாட்டேன்" என்பதையும் கன்னடத்திலேயே சொன்னாள். அவர் பாஞ்சாலியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நடைபாதையை அடைக்கக்கூடாது என்று மட்டும் எச்சரித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் சீனிவாசராகவன் தெருவைத் தாண்டி வந்தார். படங்களைக் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "இந்த வெள்ளை மஞ்சளாகாம எப்படி நிக்கறது? என்னோடதெல்லாம் பழுத்துப்போறதே," என்றார்.

பவுலின் குரலைத் தாழ்த்தவில்லை. "இருட்டு அலமாரியில வெச்சிருப்பீங்க சார். எண்ணெய்க்கு வெளிச்சம் வேணும். ஜன்னல்கிட்ட ஒரு வாரம் வெயில் படற மாதிரி வையுங்க, பாதி தெளிஞ்சிடும். அப்புறமும் சந்தேகம்னா ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வாங்க. மெம்பரா இல்லாட்டியும் சொல்லுவோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. ஆனாலும் பத்து நாள் கழித்து வந்தார், மரத்தூளில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் சங்கத்திலிருந்து பவுலினுக்கு உறுப்பினர் படிவம் ஒன்று வந்தது. அதில் ஒரு வரி எழுதி, மடித்துத் திருப்பி அனுப்பினாள்: "நாங்கள் நாலு பேர்." பதில் இல்லை. அறுபத்து மூன்றில் நாலு படிவங்கள் வந்தன. மூன்று பேர் நிரப்பினார்கள். ரெமிஜியஸ் மட்டும், அங்கே மரத்தூள் இருக்காது, நாற்காலியில் உட்காரவேண்டியிருக்கும் என்று சொல்லி, தன் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு வாத்தை வரைய ஆரம்பித்தார்.