பவுனுவுக்கு ஊற்றிய கஞ்சி

ஜப்பான்காரன் காலத்துக் கஞ்சிக்கு ஒரு வாடை உண்டு... புழுத்த அரிசியும் மரவள்ளிக் கிழங்கும் ஒன்றாக வெந்த வாடை. மேலே வெறும் தண்ணீர். அரிசி என்று இருந்ததெல்லாம் சட்டியின் அடியில்தான்.

மலாயாவில் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வீட்டுப் பவுனுவின் அப்பாவையும் அதே லாரியில்தான் ஏற்றினார்கள். சில மாதத்தில் அவள் அம்மாவும் காய்ச்சலில் போய்விட, ஆறு வயதுப் பவுனுவை என் அம்மா எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

அம்மா காட்டை அழித்துக் கிழங்கு நடும் வேலைக்குப் போவார். கஞ்சியைப் பங்கு வைப்பது என் பொறுப்பு.

மேல் தண்ணீரைப் பவுனுவுக்கு ஊற்றுவேன். அடியில் நின்றதை நான் வழித்துக்கொள்வேன்...

ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. மாதக்கணக்கில்.

ஒருமுறை மழையால் அம்மா சீக்கிரம் திரும்பினார். எங்கள் இரண்டு மங்குக் கிண்ணங்களையும் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பவுனுவிடம் குனிந்து, "தெனமும் இப்படித்தானா தாயி?" என்றார்.

"இல்ல பெரியம்மா. எனக்குப் பசிக்கல. நான்தான் அக்காவுக்குக் குடுத்தேன்."

அவள் கால்கள் குச்சியாக இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மாவே பங்கு வைத்து, பவுனு குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு வேலைக்குப் போனார். என்னைத் திட்டவே இல்லை... திட்டியிருக்கலாம்.

ஜப்பான் சண்டை முடிந்ததும் பவுனுவின் மாமா வந்து அவளை அழைத்துப் போனார். அப்பாக்கள் இருவரும் திரும்பவில்லை.

பிறகு நான் சிரம்பானில் டீச்சரானேன். ஒரு மாணவி, 'ஃபாஸ்டர் மதர்' என்றால் என்னவென்று கேட்டாள். வளர்ப்புத் தாய் என்று சொல்லிவிட்டு, அப்புறம் பெரிய டிக்‌ஷனரியைப் புரட்டினேன். 'ஃபாஸ்டர்' என்ற சொல்லின் பழைய வேருக்கு 'உணவு' என்று பொருள் போட்டிருந்தது. வளர்ப்பு, அரவணைப்பு எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. முதலில் சோறுதான்.



போன வருஷம் நீலாயில் ஒரு கல்யாணம். பவுனுவும் வந்திருந்தாள். தன் பேரப்பிள்ளைகளை அழைத்து, "இந்தப் பாட்டிதான்லா ஜப்பான்காரன் காலத்துல எனக்குக் கஞ்சி ஊத்தி வளத்தாங்க, கும்புட்டுக்குங்க" என்றாள்.

பிள்ளைகள் காலைத் தொட்டார்கள். நான் ஆசீர்வாதம் செய்தேன்...

அவள் மறந்துவிட்டாளா, இன்னமும் என்னைக் காப்பாற்றுகிறாளா, தெரியவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. நேரில் சொல்ல முடியாததால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் பசி என்று ஒரு காரணமாவது இருந்தது. நீலாயில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.