காலி நிலம் என்று எழுதாதவள்

"ரொம்பத் தாகமா இருக்குங்க, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று, அளக்க வந்த நிலத்துக்குப் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறாள் டேப்பக்கா. அவளுடைய சொந்தத் தண்ணீர் பாட்டில், பின்னால் நிற்கும் ஆளின் தோள்பையில் கழுத்து வரை நிரம்பியிருக்கிறது. அது வீட்டுக்காரர் கண்ணில் படாதபடி பைக்குள் அமுக்கிவிடுவது அந்த ஆளின் பொறுப்பு. அளவுக் கருவியின் மூன்று கால்களைச் சுமப்பதால் அவருக்கு முக்காலி என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இருவருக்கும் இதில் ஒரு குறையும் இல்லை.

தண்ணீர் வரும். கூடவே பேச்சும் வரும். "மழை பெஞ்சா இங்க எந்தப் பக்கம்ங்க தண்ணி நிக்கும்?" "அதோ அந்தப் பள்ளம், முன்னாடி கிணறா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவள் ஒரு டம்ளர் தண்ணீரை ஊறுகாய் தொட்டுக்கொள்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பாள். டம்ளர் காலியாவதற்குள் நிலத்தின் பூர்வ கதையெல்லாம் வெளியே வந்துவிடும். மூன்று கால்மேல் நிற்கும் கருவி மேட்டையும் பள்ளத்தையும் மயிரிழை பிசகாமல் சொல்லும். என்றோ மூடிய கிணற்றை அது சொல்லாது. எதிர்வீட்டு அம்மாள்தான் சொல்வாள்.

டேப்பக்காவின் தொழில் அளவு டேப்பும் கையுமாக நிலத்தை அளந்து வரைபடம் போடுவது. ஒருவர் தம் நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்க வேண்டுமென்றால் திட்ட அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதலுக்கு வரைபடம் வேண்டும். எல்லைக்கல் எங்கே இருக்கிறது, பக்கத்து நிலத்தில் யார் வீடு, சாலை எத்தனை அகலம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கிக் கடைசியில் எங்கே போய்ச் சேரும், மேலே மின்கம்பி போகிறதா என்று அந்த அலுவலகம் கேட்காத கேள்வி இல்லை. பெண் பார்க்க வந்த வீட்டார்கூட அத்தனை கேட்க மாட்டார்கள். வரப்போவதை மட்டும் காட்டினால் போதாது, இப்போது இருப்பதையும் காட்ட வேண்டும். மரம், கம்பம், கிணறு, அடக்கம் பண்ணிய இடம் எல்லாம் அதில் சேர்த்தி.

நிலம் விற்கிறவர்களுக்கு வரப்போவதில்தான் ஆசை. அதற்குப் பச்சை தீட்டு, சிவப்பு தீட்டு, வாசலில் ஒரு வளைவு போடு என்பார்கள். இருப்பதைக் கேட்டால் "காலி நிலம்னு போட்டுடும்மா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் டேப்பக்கா இன்றுவரை எந்த வரைபடத்திலும் எழுதியதில்லை. "இருக்கறத இருக்கற மாதிரி போடணும். காலியா இருக்கறது நிலம் இல்லண்ணே, பாக்கறவன் மண்டை" என்பாள். முதலாளிகளின் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டாள். முக்காலியிடம் சொல்வாள், அவர்கள் காதில் விழும்படி.

புடவைமேல் முழுக்கைச் சட்டை, காலில் கனத்த பூட்ஸ், கொண்டையில் செருகிய பென்சில். வீட்டுக்கு வந்து அந்தப் பென்சிலைத் தேடிப் பத்து நிமிஷம் ஆளையெல்லாம் கடிந்துகொள்வாள். "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றால் "எவ்வளவு?" என்று கேட்பாள் என்று அவள் வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். வீட்டின் முன்னறையில் பெரிய வரைபடங்களை அச்சடித்துக் கொடுக்கும் இயந்திரத்தை வைத்திருப்பவர் அவர். அவள் வரைவாள், அவர் அச்செடுப்பார், குடும்பம் அந்த இரண்டு வேலையில் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி வேலை மூன்று வருஷமாக ஒரே ஆளிடமிருந்து வந்துகொண்டிருந்தது. முன்பு சிமெண்ட் வியாபாரம் செய்து இப்போது நிலவியாபாரத்தில் இறங்கியிருக்கும் அவரைத் தொழிலில் இருப்பவர்கள் சிமெண்ட் முதலாளி என்பார்கள்.

அவர் கடைசியாக வாங்கிய நிலத்தில் ஒரு காலத்தில் செங்கல் சூளை இருந்தது. சூளை போய்விட்டது, மண்ணின் சிவப்பு போகவில்லை. எல்லைக்கல்லைத் தேடிப் புதரை விலக்கிக்கொண்டு போன டேப்பக்கா ஓரிடத்தில் நின்றுவிட்டாள். ஐந்து கற்கள், சிறியவை, சுற்றி அடுக்கியதுபோல் கிடந்தன. சுற்றிலும் இடுப்பளவு களை. கற்களுக்கு நடுவில் மட்டும் ஒரு புல் இல்லை. யாரோ பிடுங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

முக்காலி அவள் முகத்தைப் பார்த்தார். "நாயா இருக்கும்க்கா. வீட்டு நாய் செத்தா சில பேர் இப்படித்தான்" என்றார்.

நாயாகவே இருக்கட்டும் என்று டேப்பக்காவும் மனதார வேண்டிக்கொண்டாள். ஏனென்றால் முதலாளி கொடுத்திருந்த மாதிரிப் படத்தில் பிரதான சாலை அந்தக் கற்களின் மேலேயே போயிற்று. வேண்டிக்கொண்டதோடு விட்டிருந்தால் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கால் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்த் தண்ணீர் கேட்டாள்.

அந்த வீட்டில் தையல் தைக்கும் பெண் டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள். "அந்தக் கல்லா? சூளையில வேலை செஞ்சுதே ஒரு பொண்ணு, அதோட குழந்தையப் பொதைச்ச எடங்க. பொறந்து ஒரு மாசம்கூட இருக்கல. அந்தப் பொண்ணு இப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இஸ்திரி போடுது. மனசு கேக்காதப்பல்லாம் வந்து உக்காந்துட்டுப் போகும். மாடு கல்லை இடறிவிட்டுடும், இது வந்து திரும்ப அடுக்கும்."

அன்று டம்ளரில் பாதித் தண்ணீர் மிஞ்சிவிட்டது. குடிக்க முடியவில்லை.

சிமெண்ட் முதலாளியைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக இருக்கும். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. டேப்பக்கா தகவல் சொன்ன மறுநாள் காரிலிருந்து இறங்கி வந்து, கற்களைப் பார்த்து, செருப்போடு நின்ற காலை ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு வியாபாரி விழித்துக்கொண்டார்.

"பாவம்தாம்மா, இல்லன்னு சொல்லல. ஆனா அது என் ரோட்டு மேல இல்ல இருக்கு?"

"ரோடுதான் சார் அது மேல இருக்கு. அது முன்னாடியே இருக்கு."

"அஞ்சு கல்லு. சாயங்காலம் ஆள விட்டு எடுத்துப் போட்டா, நாளைக்கு நீ வரும்போது அங்க ஒண்ணும் இருக்காது. இல்லாதத நீ போட வேண்டாம். உன் கொள்கையும் கெடாது."

"கல்ல எடுத்துடலாம் சார். அடியில இருக்கறது?"

"ஆபீஸ்லேர்ந்து யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க வேணாம். நான் பாத்துட்டேனே" என்றாள்.

அவள் ஒன்றும் வீராங்கனை இல்லை. இந்த மனிதர் கையைவிட்டுப் போனால் முன்னறை இயந்திரம் பாதி நாள் சும்மா கிடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை அவளுக்கு வராது, அவ்வளவுதான். வராததைச் செய்யத் துணிவதைவிட, வந்ததைச் செய்துவிட்டுப் பயப்படுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காரின் முன்பக்க மூடிமேல் விரித்தாள். மனைப்பிரிவு என்றால் எல்லோருக்கும் பொதுவாகப் பூங்காவுக்கு என்று ஒரு பங்கு நிலத்தை விட்டாக வேண்டும். எல்லா முதலாளிகளும் தண்ணீர் தேங்கும் மூலை எதுவோ அதையே தருமம்போல் தள்ளிவிடுவார்கள். இவரும் அப்படித்தான் தள்ளியிருந்தார். டேப்பக்கா பூங்காவை அங்கிருந்து எடுத்துக் கற்கள் இருக்கும் இடத்தில் வைத்திருந்தாள். சாலை அதற்கு முன்பே வளைந்து ஒதுங்கிப் போயிற்று. தாழ்ந்த மூலையில் மழைத்தண்ணீர் இறங்க ஒரு குட்டை. முதலாளி விரலால் மனைகளை எண்ணினார். சாலை முகப்பில் இரண்டு குறைந்திருந்தன.

"என் அடிமடியிலேயே கை வைக்கறியேம்மா" என்றார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

"கொறைஞ்ச ரெண்டையும் ஈடுகட்ட அந்தப் பள்ளத்துல மனை போட்டாலும் உங்களுக்கு நிம்மதி இருக்காது சார். மொத மழைக்கே வாங்கினவங்க உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க."

வேறு ஆளை வைத்தால் எல்லைக்கல்லிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். காகிதத்தை மடித்து அவள் கையில் திணித்தார். "போட்டுத் தொலை. ஆனா ஒண்ணு. அடுத்த நிலத்துக்கு உன்னக் கூப்பிடுவேன்னு கனவுலகூட நினைக்காத." அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். நல்லதானாலும் கெட்டதானாலும் காப்பாற்றுவார்.

வீட்டில் சொன்னபோது அவள் வீட்டுக்காரர் வெகுநேரம் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார். பிறகு, "உலகத்துல அவர் ஒருத்தர்தான் நிலம் விக்கறாரா? வா, வந்து சாப்பிடு" என்றார். அவர் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்ததை டேப்பக்கா கவனித்தாள். மனிதருக்குத் தைரியம் சொல்ல வந்தது, சாப்பிட வரவில்லை.

வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து "அடக்கம்" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. இங்கே எங்கோ என்று காட்டினால், சாலை போட வருகிறவன் அதையும் எங்கோ தள்ளிவிடுவான். நீளம் வேண்டும், அகலம் வேண்டும், இரண்டு எல்லைக்கற்களிலிருந்து தூரம் வேண்டும். கற்களை நம்பி அளக்க வழியில்லை. மாடு தள்ளி, கை அடுக்கி, அவை எத்தனை முறை நகர்ந்தனவோ. முக்காலியை அனுப்பி இஸ்திரிக்காரப் பெண்ணை அழைத்துவரச் சொன்னாள்.

நாற்பது வயது இருக்கும். வேகமாக நடந்து வந்தாள், மூச்சு வாங்கியது. விரல்களில் பெட்டி சுட்ட பழைய தழும்புகள். அக்குளில் ஒரு வெள்ளைத் துணியை இடுக்கியிருந்தாள். துவைத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்த துணி.

"எடுத்துடப் போறீங்களாம்மா?" என்றாள் வந்ததுமே. "எடுக்கறதா இருந்தா வேற யாரும் தொட வேணாங்க. நானே எடுத்துட்டுப் போயிடறேன். துணி கொண்டாந்திருக்கேன்."

டேப்பக்காவுக்கு அந்தத் துணி எதற்கு என்று புரிய ஒரு கணம் பிடித்தது. முக்காலி திரும்பி நின்று, சரியாகவே இருந்த கருவியைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"எடுக்கல. யாரும் எடுக்கக் கூடாதுன்னுதான் படத்துல போடறேன். இந்த இடம் பூங்காவா இருக்கும். நீங்க எப்ப வேணா வரலாம். யாரும் ஏன்னு கேக்க முடியாது" என்றாள் டேப்பக்கா.

அந்தப் பெண் நம்பியதாகத் தெரியவில்லை. துணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அளவு மட்டும் வேணும். குழி எவ்வளவு நீளம் வெட்டினாங்க, எந்தப் பக்கமா படுக்க வச்சாங்கன்னு சொன்னீங்கன்னா..."

"தலை அந்தப் பக்கம்னு வீட்டுக்காரர் சொன்னாருங்க." மேற்கே இருந்த மதிலைக் காட்டினாள். "குழி நான் பாக்கலம்மா. எனக்கு ஜுரம், எழுந்திருக்க முடியல. அவர்தான் தூக்கிட்டு வந்தாரு. அவரும் இப்ப இல்ல."

"யாராவது கூட வந்தவங்க..."

"யாரும் இல்லைங்க." அவள் கற்களைப் பார்த்தாள். "குழி எனக்குத் தெரியாது. பிள்ளையத் தெரியும்."

துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு கை தலைக்கு, ஒரு கை பாதத்துக்கு என்று காற்றில் வைத்தாள். இடைவெளி அதிகம் இல்லை. வலது உள்ளங்கை தானாகக் குழிந்து, ஒரு தலை விழாமல் தாங்குவதுபோல் நின்றது.

டேப்பக்கா பூட்ஸோடு மண்ணில் மண்டியிட்டாள். டேப்பை இழுத்து அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே, தொடாமல் பிடித்தாள். அந்தப் பெண்ணின் கைகள் நடுங்கின. எண் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"மெதுவா" என்றாள் டேப்பக்கா. "ஒண்ணும் அவசரம் இல்ல."

அந்தக் கைகள் அசையாமல் நிற்கும்வரை அவள் டேப்பைக் கீழே இறக்கவில்லை.