காகிதம் பறக்காமலிருக்க வைத்த கல்

தம்பி மகன் என்னைப் புத்தூர்க் கடைக்கு அழைத்துச் சென்றது பெருமை காட்டவே. தம்பி பரமபதித்தபின், இவன் ஸ்ரீரங்கத்து வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தான். உள்ளிருந்த பழஞ்சாமான்களை அந்தக் கடைக்கு விற்றான். பெருமாள் எழுந்தருளியிருந்த மரப்பெட்டியான கோயிலாழ்வாரும் அவற்றோடு போயிற்று. பெருமாள் எங்கே என்று அப்போதே கேட்டேன். "எல்லாம் பத்திரமா இருக்கு, பெரியப்பா" என்றான். நம்பினேன்.

கடைக்காரப் பெண்ணுக்கு நல்ல கண், மறுப்பதற்கில்லை. தகர டிரங்குப் பெட்டிகளைப் படிகளாக அடுக்கிப் பீங்கான் ஜாடிகளை ஏற்றியிருந்தாள். மர ஏணியைப் படுக்கைவாட்டில் தொங்கவிட்டு அரிக்கேன் விளக்குகளை மாட்டியிருந்தாள். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னே, யாரோ இப்போதுதான் எழுந்து போனாற்போல் ஓர் எழுதுமேசை: மூக்குக்கண்ணாடி, மைக்கூடு, பழைய பொங்கல் வாழ்த்து அட்டைகள். எங்கள் கோயிலாழ்வாருக்குள் அத்தர்க் குப்பிகள் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எப்படி வெச்சிருக்கா பாருங்கோ. நம்மாத்துல இருட்டுல கிடந்தது" என்றான் அவன்.

அப்போதுதான் வாழ்த்து அட்டைகளின்மேல் இருந்த கல்லைக் கண்டேன். எலுமிச்சை அளவு, கன்னங்கரேல் என்ற நிறம், வழவழப்பு, பக்கத்தில் சிறு வாய், அதனுள்ளே சக்கரம். என் தகப்பனார் நாள்தோறும் திருமஞ்சனம் செய்த சாளக்கிராமம்.

"அது என்னன்னு தெரியறதா?"

குனிந்து பார்த்தவன் முகம் வெளுத்தது. "வெள்ளி விக்ரகமெல்லாம் லாக்கர்ல வெச்சேன். கோயிலாழ்வாரோட கீழ் டிராயரைத் திறந்து பார்க்கலை, பெரியப்பா."

வெள்ளி லாக்கருக்குப் போயிற்று. கல் கடைக்கு வந்தது. பாசுரம் சொல்லிப் பொழுது விடிந்த வீட்டில், விலைபோகும் பெருமாள் என்றும் விலைபோகாத பெருமாள் என்றும் இவன் பிரித்திருக்கிறான். நித்தம் தீர்த்தமும் தளிகையும் காண வேண்டியவர் இங்கே ஃபேன் காற்றில் பட்டினி. லாக்கரில் இருப்பவர்களும் பட்டினிதான்.

அவன் பர்ஸை எடுத்தான். கையைத் தட்டிவிட்டேன். சாளக்கிராமத்தை விற்பதும் பாவம், வாங்குவதும் பாவம். அதற்குள் கடைக்காரப் பெண் வந்துவிட்டாள்.

"அது விலைக்கு இல்லைங்க சார். டிஸ்ப்ளேக்கு வெச்சது. இல்லாட்டி கார்டெல்லாம் பறந்துடுது."

அன்று என் காதில் விழுந்த முதல் நல்ல சொல் அது.

"வேற கல்லு தரேம்மா. இதைக் குடுத்துடு. இவர் எங்காத்துப் பெருமாள்."

"சாமியாங்க? டிராயர்ல கிடந்துச்சு. யாரும் சொல்லலையே."

"சொல்ல வேண்டியவன் இதோ நிக்கறான்."

அவனைத் தெருவுக்கு அனுப்பினேன். இஸ்திரி போட்ட சட்டையோடு சாக்கடையோரம் குனிந்து, ஒரு ஜல்லிக்கல்லோடு வந்தான். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"மேட்ச் ஆகலைங்க. கொஞ்சம் வழவழன்னு பாருங்க."

மறுபடி அனுப்பினேன். துளியும் இரக்கம் வரவில்லை. இரண்டாவது கல்லை அவள் ஏற்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரு கைகளாலும் பெருமாளை எடுத்து என் உத்தரீயத்தில் வைத்தாள்.

காவிரிப் பாலம் தாண்டும்வரை உத்தரீயத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன்.

"கோவமா, பெரியப்பா?"

"காலம்பற போய் லாக்கரைத் திற. இன்னிக்கு இவர் அமுது செய்யட்டும். என் கோவத்தைப் பத்தி அப்புறம் கேளு."