செங்கல்லுக்குப் பின்னால் நின்றவர்

குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். நூல் எங்கே தடித்திருக்கிறது, எங்கே இளைத்திருக்கிறது, எந்த ஷிப்டில் யார் அசந்துவிட்டார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் இதையே செய்ததில், தப்பு என்றாலே அது அடுத்தவன் செய்வது என்று மனசு பழகிவிட்டது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதற்கு இது சமாதானம் ஆகாது என்றும் எனக்குத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்குப் பழைய லென்ஸ் பைத்தியம் பிடித்தது. பிலிம் ரோல் போட்டுப் படம் எடுத்த காலத்து லென்ஸை, அடாப்டர் என்கிற ஓர் உலோக வளையத்தை இடையில் வைத்து, இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டுவது. அந்த லென்ஸ் தானாக எதையும் செய்யாது. முகம் தெளிவாக விழ வேண்டும் என்றால் அதன் வளையத்தை நம் கையால்தான் திருப்ப வேண்டும். ஒரு மயிரிழை தவறினாலும் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும். ஆனால் சரியாக அமைந்துவிட்டால் பின்னணி எல்லாம் கரைந்து, முகம் மட்டும் நிற்கும். அந்தச் சுகத்துக்கு நான் அடிமையானேன். கேமராவோடு வந்த லென்ஸ் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். அதை பீரோவில் போர்வைகளுக்கு அடியில் போட்டுவிட்டு, "அதுல யாரு எடுத்தாலும் ஒண்ணுதான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் தங்கையை ஒட்டன்சத்திரத்தில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை அங்கே காய்கறி மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடுகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். வயசில் எனக்கு இரண்டு வருஷம்தான் இளையவர். ஆனாலும் "மச்சான்" என்று கூப்பிடும்போது ஒரு படி கீழே நின்று பேசுகிற மாதிரி இருக்கும். அந்த மரியாதையை நான் எனக்கு வரவேண்டிய பாக்கி மாதிரி வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் பையனுக்குக் காது குத்து. அகரத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிற குலசாமி கோயிலில் வைத்திருந்தார்கள். போட்டோவுக்கு ஒட்டன்சத்திரத்தில் ஆள் பேசட்டுமா என்று தங்கை போனில் கேட்டாள்.

"நான் இருக்கும்போது எதுக்கு இன்னொருத்தன்? கல்யாண வீட்டு போட்டோக்காரனுக எடுக்கிற மாதிரியா நான் எடுப்பேன்?" என்றேன்.

"சரிண்ணே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். உன் மடியில அவன் இருக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு. ஹால்ல மாட்டணும்" என்றாள்.

ஒண்ணே ஒண்ணு. அதில்தான் நான் தலைகுப்புற விழுந்தேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் மடியில் பிள்ளையை வைத்திருந்தால் கேமராவை யார் பிடிப்பது? முதல் நாள் முழுக்க லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பையனைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டும்போதுதான் உறைத்தது.

சுற்றிலும் பார்த்தேன். மாப்பிள்ளைதான் கை காலியாக நின்றார். கேமராவை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வாங்கினார்.

"ஏனுங்க மச்சான், போன்லயே எடுத்துக்கட்டுங்களா? இது எனக்குப் பழக்கமில்லீங்க" என்றார்.

"போன்ல எடுத்தா அதுக்குப் பேரு போட்டோவா? ஒரு வேலையும் இல்ல மாப்ள. நான் எல்லாம் செட் பண்ணித் தாரேன். பொத்தான அமுக்குங்க, போதும்."

பெருமையாகத்தான் செய்தேன். பையிலிருந்து தையல்காரர் நாடாவை எடுத்து, நான் உட்காரும் பலகையிலிருந்து ஐந்தடி அளந்து, அங்கே ஒரு செங்கல்லைப் போட்டேன். லென்ஸ் மேலே தூரத்துக்கு எண்கள் பொறித்திருக்கும். வளையத்தைத் திருப்பி ஐந்தில் வைத்தேன். "இந்தக் கல்ல விட்டு முன்னாலயும் போகக்கூடாது, பின்னாலயும் போகக்கூடாது. அந்த வளையத்தத் தொட்டுறாதீங்க" என்றேன். அதோடு விட்டேனா? போனைத் தூக்கிக்கொண்டு வந்த உறவுக்காரர்களைப் பார்த்து, "எல்லாரும் போன உள்ள வைங்க. குறுக்க கை வந்தா படம் கெட்டுப்போகும்" என்று சத்தம் போட்டேன். தாய்மாமன் சொல்கிறானே என்று அத்தனை பேரும் போனை மடியில் சொருகிக்கொண்டார்கள்.

ஆசாரி ஊசியை எடுத்தார். பையன் வீறிட்டான். அந்தக் களேபரத்தில், "மச்சான்..." என்று மாப்பிள்ளை கூப்பிட்டது காதில் விழுந்தது. நான் நிமிரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். "பேசாம அமுக்குங்க மாப்ள!" என்றேன். அதன் பிறகு பொத்தான் சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டு காதும் குத்தி, வாயில் சர்க்கரை போட்டு, எல்லாம் முடிந்தது.

கேமராவை வாங்கிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் படங்கள். ஒன்றில்கூட முகம் இல்லை. நானும் பையனும் ஆசாரியும் மஞ்சளும் வெள்ளையுமாகக் குழம்பிக் கிடந்தோம். எங்களுக்குப் பின்னால், பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாமல் தள்ளிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற தங்கை மட்டும் துல்லியமாக விழுந்திருந்தாள்.

அப்போது நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. "ஒரு பொத்தான அமுக்கத் தெரியலையா உங்களுக்கு? தக்காளிப் பெட்டி எண்ற மாதிரின்னு நெனச்சீங்களா? கல்ல விட்டு நகராதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீட்டு மாப்பிள்ளையை, அவர் பெற்ற பிள்ளையின் விசேஷத்தில், அவர் அப்பா அம்மா முன்னால் நிற்க வைத்துத் திட்டினேன். அவர் "தப்புதானுங்க" என்றார். அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விட்டார். அன்று அவர் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கேமராவோடு நின்றேன். வெயில் லென்ஸ் மேல் நேராக விழுந்தது. எண்கள் இரண்டு வரிசையாக இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் இருப்பது அடிக்கணக்கு. வெள்ளையில் இருப்பது மீட்டர். எனக்குத் தெரியாததா? நாலு பேருக்கு நானே விளக்கிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எப்போதும் திரையைப் பார்த்தே திருப்பிப் பழகியவன், அன்று அவசரத்தில் வெள்ளை வரிசையின் ஐந்தில் வைத்திருக்கிறேன். அளந்தது ஐந்தடி, வைத்தது ஐந்து மீட்டர். ஐந்து மீட்டரில் நின்றவள் தங்கை.

உள்ளே ஓடிப்போய்ப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டேன். மாப்பிள்ளையாவது ஓர் அடி நகர்ந்திருக்க மாட்டாரா என்று தேடினேன். என் பிழைப்பே அதுதானே. ஒவ்வொரு படத்திலும் தூணும், பலகையும், பின்னால் தொங்கிய மணியும் அதே இடத்தில் இருந்தன. மனுஷன் செங்கல்லை விட்டு ஓர் அங்குலம் அசையவில்லை.

அன்றைக்கே போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. நேரில் சொல்வதுதான் மரியாதை என்று சொல்லிக்கொண்டேன். நேரில் பார்த்தபோது, ஆள் இருக்கிற இடத்தில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன். திட்டும்போது மட்டும் எனக்கு ஆள் இருந்தது உறுத்தவில்லை. இப்படியே மாதங்கள் ஓடின.

பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனேன். ஹாலில் நுழைந்ததும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன். மங்கலாக விழுந்த படங்களில் ஒன்றைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். வேறு படம்தான் இல்லையே. மஞ்சள் குழம்பலுக்கு நடுவில் என் வலது கை மட்டும் உள்ளங்கை தெரிய உயர்ந்திருந்தது.

"மங்கலா இருந்தா என்னண்ணே? மாமன் கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ற மாதிரியே இருக்குல்ல? வாரவுக எல்லாம் சொல்றாக" என்றாள். திமிறிய பிள்ளையைப் பிடிக்கக் கையைத் தூக்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் தன் போனை மாப்பிள்ளையிடம் நீட்டி, "எங்க எல்லாரையும் சேத்து ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணா" என்றது. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு அது வராதுங்கம்மா. மச்சானக் கேளுங்க" என்றார். குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தனக்கு வராது என்று நம்பிவிட்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்கே போனேன். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வரிசை எண், ஐந்தடி, ஐந்து மீட்டர், எல்லாம். "தப்பு என்னோடது மாப்ள. உங்களது ஒண்ணுமே இல்ல" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

"அமுக்கறப்பவே மங்கலாத்தானுங்க தெரிஞ்சுது" என்றார். "அந்த வளையத்தக் கொஞ்சம் திருப்பிப் பாக்கலாமான்னு கேக்கத்தான் ரெண்டு தடவ கூப்பிட்டனுங்க. நீங்க பேசாதீங்கன்னு கையக் காட்டுனீங்க. அப்ப ஒண்ணு அமுக்கிட்டேனுங்க."

லாரிக்காரர் கூப்பிட்டார். மாப்பிள்ளை போய்விட்டார்.

திரும்பும் வழியில் தங்கை வீட்டுக்குப் போய், அந்தப் படத்தைக் கழற்றிக் கொடு என்றேன். அந்தக் கை ஆசீர்வாதம் இல்லை, மாப்பிள்ளையைப் பேசாதே என்று அடக்கக் காட்டியது என்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தாள்.

"அவருக்கு முன்னமே தெரியுமாண்ணே, அது என்ன கைன்னு?"

"தெரியும்."

"அப்படியா" என்றாள். "ஆணி அடிச்சு மாட்டுனது அவருதான்."