முன்கழியில் இருந்தவன்

ராக்னில்ட் தோர்விக் 1849இல் நார்வேயின் கிராகெரோ துறைமுகத்தில் பிறந்தாள். கணவன் சிவெர்ட், செல்வந்தர்களின் பந்தயப் படகுகளில் கூலிக்குப் பாய் ஏற்றுபவன். பிள்ளைகள் இல்லை. 1876 முதல் அவள் நியூயார்க்கில் ஓர் அச்சுக்கூடத்தின் மாடியில் படங்களுக்கு வண்ணம் பூசினாள். கல்லில் வரைந்து கறுப்பு மையில் அச்சிட்ட படகுப் பந்தயப் படங்கள் கீழிருந்து வரும். நீண்ட மேசையில் ஒன்பது பெண்கள், ஆளுக்கொரு வண்ணம், பூசியதும் தாள் அடுத்தவள் கைக்குப் போகும். அவளுடையது கடலின் பச்சை.

பந்தயத்துக்கு மறுநாளே படம் கடையில் இருக்க வேண்டும். ஆதலால், வெல்லும் என்று ஊரே சொல்லும் படகை முன்கூட்டியே கல்லில் வரைந்துவிட்டு, வென்ற நேரத்தை மட்டும் பிறகு பொறிப்பது வழக்கம். 1879 ஜூனில் ஓவியர் ஸ்டெங்கல் துறைக்குப் போய் ஓரியானா என்ற படகை வரைந்து வந்தார். படகின் மூக்கிலிருந்து நீளும் முன்கழியில் கால்போட்டு உட்கார்ந்திருந்த சிவெர்ட்டையும் தாடியோடு சேர்த்திருந்தார். மாதிரித் தாள் மேசைக்கு வந்ததும் பக்கத்து இருக்கை லீனா விடவில்லை.

“அக்கா, பச்சைய கொஞ்சமா வை. மாமா நனஞ்சிடப்போறாரு.”

எல்லாரும் சிரித்தார்கள், ராக்னில்டும்தான்.

ஓரியானாவே வென்றது. ஆனால் வழியில் ஓர் அலை முன்கழியை முழுக்கியது. கழி மேலே எழுந்தபோது சிவெர்ட் அதில் இல்லை. உடல் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையும் ராக்னில்ட் வேலைக்கு வந்தாள். அவள் நேரே ஸ்டெங்கலிடம் போனாள். கல்லிலிருந்து அவனை மட்டும் சுரண்டி எடுத்துவிடும்படி கேட்டாள்; செத்தவனைச் சாராயக்கடைச் சுவரில் மாட்டவிட முடியாது என்றாள். அவர் முதலாளியின் அறைக்குப் போய்த் திரும்பினார்.

“விடியறதுக்குள்ள ஆயிரம் தாள் அடிச்சாச்சும்மா. இனிமே கல்லத் தொடக்கூடாதுங்கிறாரு.”

அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். முதல் தாளில் அலையை உயர்த்தி, பச்சையால் அவனை மூடினாள். நீர்வண்ணம் காய்ந்ததும் அச்சுக் கோடுகள் தெரிந்தன: தொப்பி, தாடி, கழியைப் பற்றிய கை. மறுபடி பூசினாள். மூன்றாம் பூச்சில் தாள் சுருங்கிவிட்டது. மேற்பார்வை பார்க்கும் ஒட்டிலி என்பவள் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“மை மறையாதும்மா, உனக்குத் தெரியாததா? உனக்குப் பின்னாடி அஞ்சு பேரு கையக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க பாரு.”

ராக்னில்ட் தூரிகையைக் கழுவினாள். மாதிரித் தாளில் இருந்தபடியே, கழிக்குக் கீழே கடலை நிறுத்தினாள்.

படம் நன்றாக விற்றது. ஒவ்வொரு கோடையிலும் அதே கல்லில் மறுபடி அடித்தார்கள். கடலை அவளே பூசினாள். பதினாறு ஆண்டுகள்.