கூரையில் பல் தடம்

வாயில் பற்பசை நுரையோடுதான் லிஃப்ட் அண்ணன் டாலர் விலையைப் பார்ப்பார். இடது கையில் ஃபோன், வலது கையில் பிரஷ். டாலர் ஏறியிருந்தால் பிரஷ் அப்படியே நின்றுவிடும். இறங்கியிருந்தால் வேகம் பிடிக்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் குழாயடி ஒன்றுதான் என்பதால், நான் ஃபோனைத் திறக்காமலே அன்றைய நிலவரம் தெரிந்துகொள்வேன். நான் இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்து, ஊருக்குப் பணம் அனுப்புகிறவன். டாலர் ஏறினால் என் வீட்டுக்குப் போகும் தொகையும் குறையும்.

பழைய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. கை ரேகைக்குள் கிரீஸ் ஏறி நிரந்தரமாகிவிட்டது. அந்தக் கையால் தகர பொம்மை பஸ்களை ஓவியத் தூரிகை கொண்டு தூசி தட்டுவார். வாங்குவதும் விற்பதும் இணையத்தில், வெளிநாட்டுக்காரர்களோடு. விலையெல்லாம் டாலரில்.

"நாம விக்கும்போது அது ஏறணும், வாங்கும்போது இறங்கணும். எப்பவாவது நடந்திருக்கா? பேங்க்காரன் ஒரு ரேட் சொல்வான், சைட்காரன் ஒரு ரேட் போடுவான். ரெண்டுக்கும் நடுவுல நம்ம தோலை உரிச்சுடுவானுங்க."

கண்ணாடி அலமாரியின் நடுவில் ஒரு பஸ் அளவுக்கு இடம் காலி. தூசி தட்டும்போது அந்த வெற்றிடத்தையும் தட்டுவார். அங்கே நின்றது பச்சை நிற மாடி பஸ். மகனுக்குப் பல் முளைத்த வயதில் அவன் அதன் கூரையைக் கடித்துக் கடித்தே விளையாடியிருக்கிறான். பெயிண்ட் பெயர்ந்து, தகரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். பையன் வளர்ந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெளிநாட்டு மருந்து தேவைப்பட்டது. அலமாரியிலேயே விலை போகக்கூடியது அந்த பஸ்தான். 'கூரையில் சேதம் உண்டு' என்று போட்டு, விலையைக் கொஞ்சம் குறைத்து விற்றார். மருந்து வந்தது. பையன் வீட்டுக்கு வரவில்லை.

வாங்கியவர் நல்ல மனிதர். அண்ணன் சொல்லச் சொல்ல அவருக்கு ஆங்கிலத்தில் எழுதியவன் நான். விஷயத்தை மட்டும் சொல்லவிடவில்லை. "பையன் கதையெல்லாம் வேணாம் தம்பி. காசுக்கு அழுத மாதிரி ஆயிடும். திரும்ப வேணும்னு மட்டும் போடு." வாங்கிய விலைக்கே தருகிறேன், அவசரமில்லை என்று பதில் வந்தது. அதே டாலர்தான். ஆனால் நம் காசு மாதாமாதம் இளைத்துக்கொண்டே போனது. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தார். கிட்டே போனால் விலை எட்டிப் போய்விடும்.

ஒரே ஒருமுறை கை எட்டியது. "வாங்கித் தொலைங்களேன்" என்றார் அண்ணி.

"பொறு. இன்னும் கொஞ்சம் இறங்கும். அனுப்புற செலவும் அதுலயே தேறிடும்."

மறுவாரம் டாலர் எகிறியது. "மேல போன லிஃப்ட் கீழ வந்துதான் ஆகணும். இதுக்கு மட்டும் எவனோ கீழ் பட்டனைப் பிடுங்கிட்டான்" என்று சிரிக்கப் பார்த்தார். அண்ணி சிரிக்கவில்லை.

"பிள்ளையோட பல்லுக்குப் போய் பேரம் பாத்தீங்களே."

அதற்குப் பிறகு அண்ணி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணனும் என்னை எழுதவிடவில்லை. "வெறுங்கையோட எத்தனை தடவை தவணை கேக்குறது? காசு வரட்டும்."

போன வாரம் ஒருநாள் காலையில் வாய்க்குள் பிரஷ் பறந்தது. நுரையைத் துப்பக்கூட இல்லை. என் கதவைத் தட்டினார். "எழுது தம்பி. இன்னிக்கே. இப்பவே."

மதியத்துக்குள் பதில் வந்தது, படத்தோடு. அண்ணனின் ஃபோனை வாங்கி, தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். உங்களிடமிருந்து தகவலே இல்லை, ஆனாலும் வேறு யாருக்கும் விற்க மனம் வரவில்லை. பழைய விலைதான். இன்னொரு நல்ல செய்தி... அங்கே நான் நிறுத்திவிட்டேன்.

"சொல்லு."

"கூரையில இருந்த பள்ளத்தையெல்லாம் அடைச்சு, புதுசா பெயிண்ட் அடிச்சிட்டாராம். அதுக்குத் தனியா காசு வேணாமாம்."



உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "என்னங்க சொல்றான்? தர்றானா?"

"தர்றான்" என்றார்.

ஃபோனை என்னிடமிருந்து வாங்கினார். பஸ்ஸின் கூரைமேல் இரண்டு விரலை வைத்து, விரித்துப் பெரிதாக்கினார். இன்னும் விரித்தார். பஸ் போய், கூரை போய், திரை முழுக்கப் பளபளவென்று பச்சை மட்டும் ஆன பிறகும், அந்தக் கிரீஸ் விரல்கள் விரித்துக்கொண்டே இருந்தன.