டம்மி அவுட்புட்டில் கேட்ட குரல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரிப்பதற்கு வசதியாக இருக்கும். ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் செத்துப்போன ஆள் ஒருவர் உட்கார்ந்துகொண்டு என்னோடு பேசுகிறார் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் இல்லை. பாதித் தலை நரைத்து, கல்யாண வயதில் மகள் இருக்கும்போது, நல்ல பட்டப்பகலில், வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நம்பினேன்.

இத்தனைக்கும் காத்து கருப்பு எதையும் சட்டை செய்யாதவன் நான். வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றி வாசலில் போட்டால், அதை எடுத்துக் கழுவி ஜூஸ் போடச் சொல்லி மனைவியிடம் திட்டு வாங்குகிற ரகம். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் இதையும் பிரியாணிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் பனியன் ஊரில், ராயபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திருட்டு விண்டோஸ் வைத்துக்கொள்ளப் பயம், நல்ல விண்டோஸ் வாங்க மனசில்லை என்றிருக்கிற பனியன் கம்பெனி முதலாளிகளுக்கெல்லாம், காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டுக் கொடுப்பது நான்தான். லினக்ஸ் தங்கமான பிள்ளை. சத்தம் விஷயத்தில் மட்டும் அவ்வப்போது மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குன்னத்தூர் ரோட்டில் ஒரு கம்பெனி. மறுநாள், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் பாதுகாப்பு ஆடிட். தீப்பிடித்தால், மாடி ஆபீசில் பட்டனை அழுத்தியதும் எல்லா இடத்திலும் ஸ்பீக்கரில் தமிழிலும் இந்தியிலும் ‘பதற்றப்படாமல் வெளியேறவும்’ என்று அறிவிப்பு வர வேண்டும், அது இருந்தால்தான் ஆர்டர். ஆனால் சனிக்கிழமை ஏதோ அப்டேட் ஏறியதிலிருந்து அந்த சிஸ்டம் ஊமையாகிவிட்டது. முதலாளி ஆடிட்டரை அழைத்துவரக் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார். கம்பெனியில் நானும், ஃப்ளோர் சூப்பர்வைசர் சாந்தாமணியும் மட்டும். தையல் மெஷின்கள் எல்லாம் துணியைப் போர்த்திக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கிற இடம் அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் நம் மூச்சே நமக்கு உரக்கக் கேட்கும்.

சவுண்ட் செட்டிங்கைத் திறந்தால் சவுண்ட் கார்டின் பெயரே இல்லை. ‘டம்மி அவுட்புட்’ என்று ஒரே ஒரு வரி. அதாவது, சத்தம் போகிற மாதிரி போகும், எங்கேயும் போய்ச் சேராது. நான் டிரைவரைக் கழற்றி மாட்டினேன், அப்டேட்டுக்கு முந்தைய பழைய கெர்னலில் ஏற்றிப் பார்த்தேன், திட்டினேன், கெஞ்சினேன்.

சாந்தாமணி டீ கொண்டுவந்து வைத்தார்.

“ஏனுங்ணா, சரியாயிருங்களா? இன்னிக்கு முடியலீன்னா நாளைக்கு என்னைய மெகாபோன்ல கத்த உட்ருவாரு மொதலாளி.”

“உங்க கொரலுக்கு மெகாபோன் எதுக்குங்க அம்மணி? பெருமாநல்லூர் வரைக்கும் கேக்குமே.”

சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்டோர் ரங்கசாமி அண்ணன் சம்சாரம் மறுக்கா மறுக்கா கூப்புடுதுங்க. பொங்கலூர்ல சொந்தத்துல விசேசம், இவரு இன்னும் போய்ச் சேரலியாமா. போனு ஸ்விட்ச் ஆஃப். சக்கரை இருக்குற மனுசன், நேரத்துக்குச் சாப்புடோணும்.”

“விசேசம்னா வழியில நாலு பேரைப் பாப்பாரு, நின்னு பேசுவாரு. வந்துருவாருங்க.”

“காலைல குடோன்ல துணி ரோல் அடுக்கிட்டு இருந்தாருங்க. நான் பூட்டறப்ப கொரல் குடுத்துட்டுத்தான் பூட்டுனேன். அவரு வண்டியுங் காணோம். போயிட்டாருன்னுதான் நெனச்சேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னும் நாலு பேரை விசாரிக்கக் கீழே போய்விட்டார்.

நான் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருந்த வரியை டிரைவர் ஃபைலில் அப்படியே ஒட்டினேன். அது வேறு ஏதோ லேப்டாப் மாடலுக்கான வரி. எங்கள் தொழிலில் பாதி வைத்தியம் இப்படித்தான், அடுத்தவன் மருந்துச்சீட்டு. ரீஸ்டார்ட் செய்தேன். ஆச்சரியம், கார்டு வந்துவிட்டது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரைத் திறந்தால் எல்லாம் மியூட். எது எதற்கு என்று பார்க்கப் பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, ஹெட்போனை முன்பக்கத்தில் சொருகிக் காதில் மாட்டிக்கொண்டேன். உஸ் என்று ஓர் இரைச்சல். சாப்பிட்ட களைப்பு, உச்சி வெயில், ஃபேன் காற்று. கண் சொருகியது.

“தூங்கிறாத கண்ணு.”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாந்தாமணிதான் என்று திரும்பினால் யாரும் இல்லை.

“தூங்கிறாத கண்ணு... தூங்கிறாத.”

காதுக்குள்ளேதான் கேட்டது. எங்கோ கிணற்றின் அடியில் இருந்து வருவதுபோல. ஆண் குரலா, பெண் குரலா என்று இன்றைக்குவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வயதான குரல், அது மட்டும் நிச்சயம். ஏதாவது வீடியோ ஓடுகிறதோ என்று பார்த்தேன், ஒன்றும் ஓடவில்லை. திரையில் மைக் அளவைக் காட்டுகிற பட்டை மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ மூச்சு விடுகிற மாதிரி. அந்த சிஸ்டத்தில் மைக்கே கிடையாது.

அப்போதுதான் என் பார்வை பெட்டியின் மேல் போனது. ஆயுத பூஜைக்குப் பூசிய விபூதிப் பட்டையும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்து கிடந்தன. மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வாங்கிய பெட்டி அது. அந்தக் கம்பெனி முதலாளி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தவர். விபூதி பூசின கையும் அவருடையதுதான். அவ்வளவு போதாதா? ஆள் உள்ளேதான் இருக்கிறார், எனக்குத் தூக்கம் வந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்குத்தான். ஹெட்போன் காதில் இருப்பது மறந்துபோய், வயர் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுக்க, “ஐயோ, நான் சர்வீஸ்காரனுங்க, உட்ருங்க சாமி” என்று கம்ப்யூட்டரைக் கும்பிட்டபடி நாற்காலியோடு விழுந்தேன். விழுந்த வேகத்தில் பெட்டியும் மேஜையிலிருந்து சரிந்து, பின்னால் சொருகியிருந்த வயர் ஒன்று பிடுங்கிக்கொண்டது.

இரைச்சல் நின்றுவிட்டது. குரலும் இல்லை, மூச்சும் இல்லை.

பயந்தவனுக்கும் தொழில்புத்தி எங்கேயோ ஓரமாக உட்கார்ந்திருக்கும்போல. அந்த வயரை மறுபடி சொருகினேன். இரைச்சல் வந்தது. பிடுங்கினேன், நின்றது. வயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தேன். மேஜைக்கு அடியில் போய், சுவரேறி, ஜன்னல் ஓட்டை வழியாகக் கீழே இறங்கியது. குடோன் ஸ்பீக்கருக்குப் போகிற வயர். ஆம்ப்ளிஃபையர் ரிப்பேருக்குப் போயிருந்ததால் எலக்ட்ரீஷியன் அதை நேராகப் பெட்டியில் சொருகிவிட்டுப் போயிருந்தார். ஸ்பீக்கரும் மைக்கும் உள்ளுக்குள் ஒரே ஜாதி. வெளியே விடுகிற ஓட்டையை உள்ளே வாங்குகிற ஓட்டையாக மாற்றினால் ஸ்பீக்கரே காதாகிவிடும். அடுத்தவன் மருந்துச்சீட்டு அதைத்தான் செய்திருந்தது.

ஆக, பெட்டிக்குள் யாரும் இல்லை. பூட்டிக் கிடக்கிற குடோனுக்குள் இருக்கிறார்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மாடிப்படியில் நின்று கத்தினேன். சாந்தாமணி மூச்சிரைக்க வந்தார். என்ன கேட்டது என்று நான் சொல்லவில்லை. வயரைத் திரும்பச் சொருகி, ஹெட்போனை மட்டும் நீட்டினேன். காதில் வைத்தார். அவருக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. கொர் கொர் என்று மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும்.

“ஐயோ, ரங்கசாமி அண்ணன்” என்றார். அவ்வளவுதான். இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கிய வேகத்தில் நான் பாதிதான் இறங்கினேன்.

ஷட்டரைத் தூக்கினால் அனல். ஆடிட்டுக்காகத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு ரோல்கூட இருக்கக் கூடாது என்று, எல்லாத் துணி ரோலையும் சுவரோரம் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தார் மனுசன். அந்த அடுக்கு உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது. அடியில் ஒரு கை மட்டும் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் இழுத்துப் பார்த்தோம், முடியவில்லை. அடுத்த காம்பவுண்டில் தங்கியிருந்த ஒடிசாப் பையன்களைச் சாந்தாமணி கத்திக் கூப்பிட்டார், மெகாபோன் இல்லாமல்தான். ஓடிவந்தார்கள். ரோல் ரோலாகத் தூக்கி வெளியே போட்டுத்தான் அவரை எடுக்க முடிந்தது. முகம் நீலம் பூத்திருந்தது, கண் பாதி திறந்திருந்தது. அவருடைய வண்டியை யாரோ சொந்தக்காரர் காலையிலேயே வாங்கிக்கொண்டு போனதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் அவர் கண்ணை மூடியிருந்தால்கூட ஆள் தங்கியிருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நெஞ்சு அழுந்தியதில் விலா எலும்பு உடைந்திருந்தது. இந்த நிலையில் கத்தவோ பேசவோ வாய்ப்பே இல்லை என்றும் சொன்னார்கள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் விளக்கம் கிடைத்துவிட்டதே. ஏதோ முனகியிருப்பார், என் பிரியாணி மயக்கம் அதற்கு வார்த்தை போட்டிருக்கும். மறுநாள் ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டைச் சொருகி, ரிப்பேர் முடிந்து வந்த ஆம்ப்ளிஃபையரையும் மாட்டி, ‘பதற்றப்படாமல் வெளியேறவும்’ என்று ஒலிக்கவிட்டுவிட்டேன். நான் கம்ப்யூட்டரைக் கும்பிட்ட கதையை ராயபுரம் டீக்கடையில் நடித்தே காட்டினேன். குரல் சொன்ன வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

சாதா வார்டுக்கு மாற்றியபிறகு ரங்கசாமியைப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, “என்னுங்க, நாங்க போட்ட லினக்ஸ்தான் உங்களைக் காப்பாத்துச்சு” என்று ஆரம்பித்தேன். அவர் சிரிக்காமல் என் கையைப் பிடித்தார். குரல் காற்றாகத்தான் வந்தது.

“ஏனுங்க, எங்கூட மாட்டுனவிய நல்லாருக்காங்களா? யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டீங்கறாங்க.”

“யாருங்க உங்ககூட மாட்டுனாங்க?”

“என்ற தலைமாட்டுல உக்காந்து, தூங்கிறாத கண்ணு, தூங்கிறாதன்னு சொல்லீட்டே இருந்தாங்களே. அவியளையும் எடுத்துட்டீங்கள்ளோ?”

அன்றைக்கு அந்தக் குடோனில் இருந்த கடைசி ரோல் வரைக்கும் வெளியே தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன். உள்ளே ரங்கசாமியைத் தவிர வேறு யாரும் இல்லை.